வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு ரமணர் வாழ்க்கை தரும் பாடம்



2020ஆம் ஆண்டு ஊரடங்குக்குப் பிறகு நம் மாடம்பாக்கத்து அடுக்குமாடி வீடுகளில் ஒரு மாற்றம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. முன்பு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு சிறுசேரிக்கோ மகேந்திரா சிட்டிக்கோ கிளம்பியவர்களில் பலர், இன்று படுக்கையறை மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அலைச்சல் மிச்சம், பெட்ரோல் மிச்சம். ஆனால் வேறொரு தொல்லை சேர்ந்துகொண்டது. வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பது தெரிவதில்லை. மீட்டிங் நடுவில் காஸ் சிலிண்டர் வருகிறது. பிள்ளை கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. இரவு பத்து மணிக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு. நாள் முழுக்க வீட்டில் இருந்தும் வீட்டாரோடு இல்லை என்ற குறை உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம்.

இதற்கு மருந்து தியானம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்காகச் செய்வது, செய்தால் என்ன மாறும் என்பதை ஒருவருடைய வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். அதற்காக இந்த இதழில் ரமண மகரிஷியைப் பற்றி எழுதுகிறோம். பௌர்ணமிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துத் திருவண்ணாமலை போய் வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கிரிவலப் பாதையில் ரமணாசிரமத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு துறவி என்று மட்டும் அவரை நினைத்திருந்தால், அவருடைய தினசரி வாழ்க்கை உங்களுக்கு வியப்பாக இருக்கும். ஏறத்தாழ 54 ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்தவர் அவர். வாழும் இடமும் வேலை செய்யும் இடமும் அவருக்கு ஒன்றுதான். கதவை மூடிக்கொள்ள அவருக்கென்று தனி அறைகூட இல்லை.

திருச்சுழியிலிருந்து மதுரை

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். தந்தை சுந்தரம் ஐயர் உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துபவர். தாய் அழகம்மாள். 1892இல் தந்தை இறந்துவிட, குடும்பம் சிதறியது. வேங்கடராமனும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் இருந்த சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் ஸ்காட் நடுநிலைப்பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளி.

படிப்பில் பெரிய அக்கறை இல்லை. கால்பந்து, நீச்சல், மல்யுத்தம் இவைதான் பிடித்தவை. நம் குடியிருப்பின் மைதானத்தில் மாலை நேரத்தில் பந்து உதைக்கும் பையன்களில் ஒருவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1896 ஜூலையில், 16 வயதில், சித்தப்பா வீட்டு மாடியறையில் தனியே இருந்தபோது திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. உடம்பில் எந்த நோயும் இல்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. செத்துப் போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம் என, பிணம்போல் கை கால்களை விறைத்துக்கொண்டு படுத்தார். உடம்பு போனால் நானும் போய்விடுவேனா என்று உள்ளே கவனித்தார். உடம்பைத் தாண்டி நான் என்ற உணர்வு அப்படியே இருக்கிறது என்று அவருக்குத் தெளிவானது. அத்துடன் பயம் போனது. அது பிறகு திரும்பி வரவே இல்லை. மீனாட்சியம்மன் கோவிலுக்கு அருகில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு இன்றும் ரமண மந்திரமாக இருக்கிறது.

மூன்று ரூபாயுடன் ஒரு பயணம்

அதன்பின் பாடப்புத்தகத்தில் மனம் நிற்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று, தண்டனையாகக் கொடுத்த ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் அதை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்தார். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டார். தம்பிக்கு அது நியாயமாகவே பட்டது. பள்ளியில் வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். போகிற வழியில் தன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதில் மூன்று மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுப் போனார்.

திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்று கூடப் பயணம் செய்த ஒருவர் சொன்னதால் அங்கே இறங்கினார். இறங்காமல் அதே பாதையில் வந்திருந்தால் திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டி நம் தாம்பரத்துக்கு வந்திருப்பார்! கையிலிருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், அங்கிருந்து நடை. அரகண்டநல்லூர் கோவில், பிறகு கீழூர். அங்கே தன் காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து மறுபடி ரயில் ஏறினார். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. மிச்சமிருந்த பணத்தை அய்யங்குளத்தில் வீசிவிட்டார். அதன்பின் அந்த மலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அவர் எங்கும் போகவில்லை.

கண்மூடி இருந்த ஆண்டுகள்

தியானம் என்றால் நம் மனதில் வரும் படம் இந்த முதல் சில ஆண்டுகளுடையதுதான். ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். சிறுவர்கள் கல்லெறிந்ததால் கீழே இருட்டான பாதாள லிங்க அறைக்குப் போனார். எறும்பும் பூச்சியும் கடித்துத் தொடையெல்லாம் புண். அது அவருக்குத் தெரியவே இல்லை. பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. யாராவது வாயில் சோறு வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பேச்சும் நின்றுபோயிற்று.

1898 டிசம்பரில் அழகம்மாள் மகனைத் தேடி வந்தார். பவளக்குன்றில் அழுக்குத் துணியும் சடைமுடியுமாக இருந்தவரைத் தினமும் போய்ப் பார்த்து, வீட்டுக்கு வா என்று அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தியபின், அவரவர் வினைப்படி நடப்பது நடக்கும், அதை மாற்ற முடியாது என்ற பொருளில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். படிக்கும்போது நமக்கே மனம் கனக்கும் இடம் இது. ஆனால் கதை இங்கே முடியவில்லை.

ஓர் அரசு ஊழியரின் கேள்விகள்

1899இல் அவர் மலைமேல் விரூபாட்ச குகைக்குப் போனார். அங்கே 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் வந்தார். தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தின் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். தத்துவம் படித்த பட்டதாரி. நான் என்பது யார் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பேசாமல் இருந்த ரமணர் மணலிலும் பலகையிலும் பதில் எழுதிக் காட்டினார். பின்னால் நான் யார் என்ற சிறு நூலாக வந்தது அந்தக் கேள்வி பதில்தான்.

அதில் உள்ள முறை இதுதான். ஓர் எண்ணம் எழுகிறது. அதன் பின்னாலேயே ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று கவனிக்க வேண்டும். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று பார்க்கத் தொடங்கினால் எண்ணம் வலுவிழந்து, கவனம் எழுந்த இடத்துக்கே திரும்பும். இதற்குத் தனி ஆசனமோ, விலையுயர்ந்த பாயோ, கைபேசிச் செயலியோ தேவையில்லை. அது கடினமாக இருந்தால் மூச்சைக் கவனிப்பதும், அளவான சாத்விக உணவும் துணை செய்யும் என்றும் அவர் சொன்னார். மூச்சால் வரும் அமைதி சிறிது நேரமே இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவருக்கு ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார். கூட்டம் வரத் தொடங்கியது.

தாய் திரும்பி வந்தார்

1916இல் அழகம்மாள் மகனோடு தங்கிவிட வந்தார். எல்லோரும் இன்னும் சற்று மேலே கந்தாசிரமத்துக்கு மாறினார்கள். அதுவரை பிச்சையில் கிடைத்ததைப் பகிர்ந்து சாப்பிட்ட இடத்தில் தாயின் கையால் அடுப்பு எரிந்தது. குகைவாசியின் வாழ்க்கைக்குள் ஒரு வீடு வந்து சேர்ந்தது என்றே சொல்லலாம்.

1922 மே 19. தாய் உடல் மிகவும் தளர்ந்திருந்த நாள். காலை முதல் இரவு வரை ரமணர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கையைத் தாயின் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி, உயிர் அடங்கும்வரை எடுக்கவில்லை.

பவளக்குன்றில் அழுத தாய்க்கு ஒரு சொல்லும் சொல்லாத அதே மகன்தான் இவர். தியானம் முற்றியபின் அவர் மனிதர்களிடமிருந்து விலகிப் போகவில்லை, நெருங்கித்தான் வந்தார். ஒருவர் அருகில் முழுதாக, வேறு எந்த நினைப்பும் இல்லாமல் ஒரு நாள் உட்கார அவரால் முடிந்தது. பக்கத்து அறையில் வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு, மூன்று நாளாக அவர்கள் முகத்தைச் சரியாகப் பார்க்காத நமக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

மலையடிவாரத்தில் தாயின் சமாதி அமைந்தது. தினமும் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தவர் அந்த ஆண்டின் இறுதியில் அங்கேயே தங்கிவிட்டார். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்.

சமையலறையில் விடியும் பொழுது

ஆசிரமத்தின் ஆரம்ப ஆண்டுகளில் ரமணர் விடியுமுன்பே எழுந்து காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். சட்னி அரைப்பார், கூட்டுக்குப் பக்குவம் பார்ப்பார். ஆசிரமத்தில் சமைத்த பெண்கள் பலர் அவரிடமே சமையல் கற்றார்கள். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்ப்பார். காய்கறித் தோல் மாட்டுக்குப் போகும். எதுவும் வீணாகக் கூடாது. எல்லோருக்கும் பரிமாறும் அளவுதான் தனக்கும்; தனக்கென்று ஒரு கரண்டி கூடப் போட்டால் கண்டிப்பார்.

இலை தைப்பது, தேங்காய்ச் சிரட்டையை மெருகேற்றிக் கிண்ணம் ஆக்குவது, கைத்தடி செதுக்குவது, புத்தகங்களுக்குக் கட்டடம் போடுவது, வெற்றுக் காகிதத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து நோட்டு ஆக்குவது என்று கை ஓயாது. ஆசிரம வெளியீடுகளின் அச்சுப் புரூஃப்களை எழுத்து எழுத்தாகத் திருத்துவார். தினமும் தபால் வரும். அலுவலகத்தில் எழுதிய பதில்கள் அவரிடம் காட்டப்படும். பிழை இருந்தால் திருத்தித் தருவார். செய்தித்தாள் படிப்பார்.

இத்தனை வேலையும் அவர் ஒரே கதியில் செய்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. காய் நறுக்கும்போது காய். புரூஃப் திருத்தும்போது புரூஃப். வேலை தியானத்துக்குத் தடை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு, வேலை தடையே இல்லை, நான் செய்கிறேன் என்ற இறுக்கம்தான் பாரம் என்று விளக்கினார். வேலையை விட்டுவிடட்டுமா, துறவு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்ட குடும்பஸ்தர்களை அவர் ஊக்குவிக்கவில்லை. வீட்டிலும் அதே மனம்தான், காட்டிலும் அதே மனம்தான் என்பது அவர் கருத்து.

முள் கம்பு

பலனை எதிர்பாராமல் வேலை செய்வது எப்படி என்று ஓர் அன்பர் கேட்டார். ரமணர் பதில் சொல்லவில்லை. மலைப்பக்கம் நடந்தபோது முள் நிறைந்த ஒரு கிளையை வெட்டி எடுத்தார். உட்கார்ந்து முள்ளை ஒவ்வொன்றாகச் சீவினார், கணுக்களைச் சமமாக்கினார், சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகேற்றினார். மணிக்கணக்கில் வேலை. அழகான கைத்தடி தயாரானது. அந்த வழியாகத் தன் கம்பைத் தொலைத்துவிட்டு வாடிய முகத்தோடு ஓர் ஆட்டுக்காரச் சிறுவன் வந்தான். தடியை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மாதக்கணக்கில் உழைத்த பிராஜெக்ட் ஒரே மின்னஞ்சலில் ரத்தாகிப் போனால் நமக்கு எப்படி இருக்கிறது? அன்று இரவு சாப்பாட்டு மேசையில் யார் மேல் அந்தக் கோபம் இறங்குகிறது? இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கதவில்லாத கூடம்

ஆசிரமத்தின் பழைய கூடத்தில் ஒரு சோபாவில்தான் அவர் இருந்தார். பகலில் அதுவே இருக்கை, இரவில் அதுவே படுக்கை. 1931இல் ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் வந்து போய் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு வெளிநாட்டினரும் வரத் தொடங்கினார்கள். கேள்வி, வழக்கு, அழுகை, குழந்தை, குரங்கு, அணில் எல்லாம் அந்தக் கூடத்துக்குள் வரும்.

வயதான காலத்தில் அவர் ஓய்வெடுக்கட்டும் என்று மதியம் இரண்டு மணி நேரம் யாரும் கூடத்துக்குள் வரக் கூடாது என நிர்வாகம் விதித்தது. மறுநாள் அந்த நேரத்தில் ரமணர் வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே வரக் கூடாது என்பது வருகிறவர்களுக்குத்தான், நான் வெளியே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றார்.

இதைக் கேட்டு, எப்போதும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் நாளுக்கு உறுதியான ஒழுங்கு இருந்தது. காலையும் மாலையும் வேத பாராயணம். மணி அடித்தால் சாப்பாடு. ஒரு நிமிடம் பிந்த மாட்டார். சாப்பாட்டுக்குப் பின் பாலாக்கொத்துப் பக்கம் நடை, மாலையில் மலைப்பக்கம் நடை. மழையோ வெயிலோ, இந்த நடைகளை விடுவதில்லை. நாளின் ஒழுங்கும் உள்ளத்தின் அமைதியும் சேர்ந்திருந்ததால்தான் கதவு இல்லாமலும் அவரால் இருக்க முடிந்தது.

கடைசி ஆண்டு

1948 இறுதியில் இடது முழங்கைக்கு அருகே ஒரு சிறு கட்டி. அறுவை செய்தும் திரும்ப வளர்ந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது. ஓராண்டுக்குள் நான்கு அறுவை சிகிச்சைகள். மருத்துவர்கள் அளித்த சிகிச்சைகளை அவர் ஏற்றுக்கொண்டார்; கையை எடுத்துவிட வேண்டும் என்ற யோசனையை மட்டும் மறுத்தார். வலி இருந்ததை மறைக்கவும் இல்லை. அன்பர்கள் தன்னைப் பார்க்க வருவதை மட்டும் கடைசி நாள் வரை நிறுத்த விடவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு அவர் மறைந்தார்.

சரி, நமக்கு என்ன பயன்?

தியானத்தின் பயன் பற்றிய பேச்சில் மிகை அதிகம். 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஓர் ஆய்விதழில் 47 சோதனைகளை, 3,515 பேரின் விவரங்களோடு, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த கட்டுரை வெளியானது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதற்கு நடுத்தர அளவு சான்று இருந்தது. தூக்கம், கவனம் ஆகியவை மேம்படும் என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஆகவே அளவாக எதிர்பாருங்கள். தொடர்ந்து தூக்கமின்மை, மனச்சோர்வு, நெஞ்சுப் படபடப்பு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ரமணரே மருத்துவரைத் தள்ளிவைக்கவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு உள்ள தனிப் பிரச்சினை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற இடைவெளி இல்லாதது. முன்பு அலுவலகம் விட்டு வீடு வரும் ஒரு மணி நேரப் பயணத்தில் மனம் தானாக இறங்கிவிடும். இப்போது லேப்டாப்பை மூடி இரண்டு அடி வைத்தால் வீடு. அந்த இடைவெளியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதைத்தான் தியானம் தருகிறது.

ரமணர் வாழ்க்கையை ஒட்டி, நம் வீடுகளில் செய்து பார்க்கக்கூடியவை:

1. வேலை தொடங்குமுன் பத்து நிமிடம், முடித்தபின் பத்து நிமிடம் அதே நாற்காலியில் அமைதியாக உட்காருங்கள். மூச்சைக் கவனியுங்கள். எண்ணம் ஓடினால், இது யாருக்கு என்று கேட்டுத் திரும்புங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பினால் போதும்.

2. எரிச்சலூட்டும் மின்னஞ்சல் வந்தால் உடனே பதில் அடிக்காதீர்கள். இந்தக் கோபம் யாருக்கு வந்தது என்று ஒரு நிமிடம் பாருங்கள். கோபம் முழுவதும் போகாவிட்டாலும், பதிலின் தொனி மாறும்.

3. தினமும் ஒரு வீட்டு வேலையைக் கைபேசி இல்லாமல், காதில் எதுவும் மாட்டாமல் செய்யுங்கள். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது எதுவானாலும் சரி. அதுவும் தியானம்தான், வீட்டில் வேலைப் பங்கும் குறையும்.

4. சாப்பாட்டுக்கும் நடைக்கும் நேரம் குறித்து, மீட்டிங் காலண்டரிலேயே அடைத்துவிடுங்கள். மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் மாலையில் அரை மணி நேரம் நடந்து வாருங்கள். முடியாத நாளில் மொட்டைமாடி இருக்கவே இருக்கிறது.

5. வீட்டில் ஒருவர் பேச வந்தால், கேட்க முடியுமா முடியாதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். கேட்பதானால் திரையை மூடிவிட்டு முகம் பார்த்துக் கேளுங்கள். ஐந்து நிமிடம் என்றாலும் முழுதாகக் கொடுங்கள்.

கண் மூடி உட்காரும் அந்த இருபது நிமிடம் எப்படிப் போகிறது என்று ரொம்பவும் கணக்குப் பார்க்க வேண்டாம். மீதி நேரத்தில் பிள்ளையின் கணக்கு நோட்டை எப்படி வாங்கிப் பார்க்கிறோம், அம்மா கூப்பிட்டால் எந்தக் குரலில் பதில் சொல்கிறோம் என்பதில் பலன் தெரியும். ஒரு மாதம் செய்து பாருங்கள். மாற்றம் இருக்கிறதா என்று உங்களைக் கேட்டுக்கொள்வதைவிட வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.